பெர்மெத்தின் நகர்த்தல்கள்

இணையத்தில் சதுரங்கம் ஆடி முன்னுக்கு வர நினைக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, கைப்பேசியில் ஆடாதீர்கள் என்பதுதான். சின்னத் திரையில் பலகையின் மூலை கண்ணுக்குத் தப்பிவிடும். ஒரு மேசையும் நல்ல வெளிச்சமும் பெரிய திரையும் இருந்தால் பாதித் தவறுகள் தானாகவே குறைந்துவிடும்.

மீதிப் பாதிதான் எனக்குக் குறையவில்லை. நாரின் என்னும் மலை நகரத்துப் பள்ளியில் பூகோளம் நடத்துகிறேன். நான்கு ஆண்டுகளாக என் ரேட்டிங் ஆயிரத்து எண்ணூறைத் தாண்டவில்லை. தொடக்க நகர்த்தல்களை மனப்பாடம் செய்தேன். தினமும் முப்பது புதிர்கள் போட்டேன். கொஞ்சம் ஏறும், அடுத்த வாரமே இறங்கிவிடும். யாரும் என்னைக் கேட்டதில்லை. ஆனாலும் அந்த எண் எனக்குத் தெரியுமே.

என் மனைவி பெர்மெத் அதே அறையில் பள்ளிச் சீருடைகள் தைப்பாள். அவளுக்கு யாரும் சதுரங்கம் சொல்லித் தந்ததில்லை. நூல் கோக்கும்போது திரையை எட்டிப் பார்ப்பாள், அவ்வளவுதான். போன வசந்தத்தில் ஒருநாள், தையலிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள்.

"அந்தக் குதிரையத் தொடாதீங்க. தொட்டா ராணி போயிடும்."

"உனக்கு என்ன தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. ராணி போறது மட்டும் தெரியுது."

குதிரையைத் தொடவில்லை. வென்றேன்.

அதன்பின் அவள் சொல்வாள், நான் நகர்த்துவேன். ஏமாற்று வேலை என்று நீங்கள் சொல்லலாம். கணவன் மனைவிக்குள் உன் மூளை, என் மூளை என்று பிரித்துப் பார்ப்பது எனக்குப் பழக்கமில்லை. மவுஸைப் பிடித்தது என் கைதான். கோடை முடிவதற்குள் இரண்டாயிரத்து இருநூறு வந்துவிட்டது. சதுரங்க மன்றத்தை நடத்தும் சாகின், ஊர்களுக்கிடையே நடக்கும் இணையப் போட்டிக்கு என்னை முதல் பலகையில் போட்டார். கடைத்தெருவில் நிறுத்திக் கைகொடுத்தார்கள். நாற்பத்திரண்டு வயதில் அதுதான் எனக்கு முதல்முறை.

ஜனவரியில் சாகின் வீட்டுக்கு வந்தார். இறுதிச் சுற்றை வீட்டிலிருந்து ஆடக் கூடாது, மன்றத்தில் கேமரா முன்னால் உட்கார்ந்துதான் ஆட வேண்டும் என்று புது விதி வந்திருந்தது. பெர்மெத் தேநீர் ஊற்றிக்கொண்டே சிரித்தாள்.

"அப்போ என்னையும் கூட்டிட்டுப் போங்க, சாகின் அண்ணே. இத்தனை நாளா உங்களுக்கு ஆடுறது நான்தானே."

சாகின் விழுந்து விழுந்து சிரித்தார். "தாலாய், வாய் மட்டும் இல்லேன்னா உன் வீட்டம்மாவ நாய் தூக்கிட்டுப் போயிடும்பா."

நானும் சிரித்தேன். பூர்சோக் பணியாரத் தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

அவர் போனதும் அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. "நான் வெளையாட்டுக்குச் சொல்லலைங்க. ஞாயித்துக்கிழமை நானும் வரேன். உண்மையச் சொல்லிடுவோம். ஒருதரம் என் பேர்ல ஆடிப் பாக்கணும்னு இருக்கு."

"அப்போ நான்?"

"நீங்க என் பக்கத்துல ஒக்காருங்க."

அன்பாகத்தான் சொன்னாள். அதை நான் மறுக்கவில்லை.

ஞாயிறு காலை அவளுக்குக் காய்ச்சல் அடித்தது. மாத்திரை போட்டுக்கொண்டு, "கொஞ்சம் படுக்கிறேன். கெளம்பும்போது மறக்காம எழுப்புங்க" என்றாள். வெளியே ஆளை விறைக்க வைக்கும் குளிர். அவள் நடுங்கக் கூடாதே என்று அடுப்பில் நிலக்கரியை நிறையப் போட்டேன். அது நீலமாக எரிந்துகொண்டிருக்கும்போதே புகைபோக்கியின் தகட்டைச் சாத்தினேன். அப்படிச் சாத்தினால் நச்சுவாயு அறைக்குள்ளேயே தங்கும். வாசனை இருக்காது. ஒவ்வோர் அக்டோபரிலும் வகுப்பில் இந்த எச்சரிக்கையை வாசிக்கிறவன் நான்தான். சன்னல் இடுக்குகளை நவம்பரிலேயே காகிதம் ஒட்டி அடைத்திருந்தோம். கதவின் கீழே மட்டும் இரண்டு விரற்கடை இடைவெளி இருந்தது. வெளியே வந்து கதவை மூடி, அவள் வெட்டிப்போட்ட சீருடைத் துண்டுகளை அதில் திணித்தேன். விபத்து என்று எழுதியவர்கள் யாரும் துணி வெளிப்பக்கம் இருந்ததைக் கவனிக்கவில்லை. மறுபடி விசாரிக்க வந்த நீங்கள் கவனித்தீர்கள். அதனால்தான் உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன்.

மன்றத்தின் வாசலில் சாகின் கேட்டார், "எங்கப்பா, உன் வீட்டம்மா வரலையா?"

"தூங்குறா" என்றேன். பொய் சொல்லவில்லை.

திரைக்கு அந்தப் பக்கம் தாலாசு ஊர்ப் பல்கலைக்கழக மாணவி ஒருத்தி. பதினெட்டாவது நகர்த்தலிலேயே தோல்வியை ஒப்புக்கொண்டேன். அதன் பிறகு மன்றத்தில் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. இங்கேயும் காவலர்கள் அதைச் சொல்லிச் சிரிப்பது காதில் விழுகிறது. அந்த ஓர் ஆட்டத்தை வைத்து என்னை எடைபோடக் கூடாது என்று எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் மனைவி அந்த நிலையில் கிடக்கும்போது எவனுக்குத்தான் கவனம் நிற்கும்?