ஓரத்துச் சாயம்

சின்ன வயதிலிருந்தே நான் பயந்த சுபாவம், ஐயா. லிஃப்டில் தனியாக ஏறமாட்டேன். நாலு மாடியும் படியேறித்தான் பரிசோதனைக் கூடத்துக்குப் போவேன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றது உங்களுக்குச் சுலபமாகப் புரியும்.

வாய்ப்புற்று நோயாளியின் கட்டியிலிருந்து வெட்டிய சின்னத் துணுக்கு என்னிடம் வரும். அதை ஸ்லைடில் ஒட்டிச் சாயம் ஏற்றுவோம். வேகமாகப் பெருகும் செல்கள் பழுப்பாகும். நூற்றுக்கு எத்தனை பழுப்பு என்று மைக்ராஸ்கோப்பில் எண்ணி, ஆள் தேறுவாரா மாட்டாரா என்று நான் எழுதுவேன். அறுவை செய்யும் டாக்டர் என்னை ஜோசியரே என்றுதான் கூப்பிடுவார். "ஜோசியரே, உங்க கணக்குப்படி இவரு தேறமாட்டாருன்னா எதுக்கு வீணா கத்தியை வைக்கணும்?" என்பார். வலிக்கு மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். அவர்களும் நான் எழுதியபடியே இறந்துபோவார்கள். என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

ஒரு தையல்காரர் மட்டும் அப்படிப் போகவில்லை. நாக்கில் புண். தேறமாட்டார் என்று எழுதினேன். அவர் மனைவி கேட்கவில்லை. "எழுதினவரு எழுதிட்டுப் போகட்டும், நீங்க அறுங்க" என்று டாக்டரிடம் ஒற்றைக்காலில் நின்றார். இரண்டு வருடம் கழித்து அந்த ஆள் பாதி நாக்கோடு சிரித்துக்கொண்டு வராந்தாவில் எனக்கு வணக்கம் சொன்னார். நான் பதில் வணக்கம்கூடச் சொல்லாமல் படியேறி ஓடினேன்.

அன்றே அவருடைய பழைய ஸ்லைடை எடுத்துப் பார்த்தேன். துணுக்கின் ஓரத்தில் சாயம் தேங்கும். அங்கே சாதுவான செல்கூடப் பழுப்பாகத் தெரியும். அதனால் ஓரத்தில் எண்ணக் கூடாது. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு முதலில் சொல்லித்தருவதே அதுதான். நான் ஓரத்தில் எண்ணியிருந்தேன். நடுவில் எண்ணினால் அவர் தேறுகிறவர். வீட்டுக்கு அனுப்பியவர்களின் ஸ்லைடுகளையும் எடுத்தேன். அழுத்தமான பழுப்பைத் தேடித் தேடி ஒவ்வொன்றிலும் ஓரத்துக்கே போயிருந்தேன். முழுவதும் பார்க்கத் தைரியம் வரவில்லை. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

அதன்பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த மனிதர் உயிரோடு நடமாடும்வரை, இவர் எப்படித் தேறினார் என்று யாராவது ஒருநாள் கேட்டுவிடுவார்கள். கேட்டால் மற்ற ஸ்லைடுகளையும் எடுத்துப் பார்ப்பார்கள்.

அடுத்த மழைக்காலத்தில் அவர் கழுத்தில் சின்னதாக ஒரு கட்டி. ஊசியில் எடுத்த செல்கள் என்னிடமே வந்தன. புற்றுதான், சந்தேகமே இல்லை. உடனே வெட்டியெடுத்திருந்தால் பிழைத்திருப்பார். சாதாரண வீக்கம், பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதினேன். "நீங்க சொன்ன பிறகுதான் டாக்டர், இவரு கண்ணை மூடித் தூங்குறாரு" என்று அவர் மனைவி என்னைக் கும்பிட்டார். மறுபடி வந்தபோது கட்டி கையகலம். அதற்குப்பின் அதிக நாள் இல்லை. "கணக்கு கொஞ்சம் தள்ளிப்போச்சு, ஆனா தப்பல" என்றார் அறுவை டாக்டர்.

அந்தம்மாள் ஊசியில் எடுத்த ஸ்லைடை வாங்கிப்போய் வேறு இடத்தில் காட்டியதால்தான் விசாரணைக்கு உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். மறைக்க ஒன்றுமில்லை. அவரைக் கொன்றது நான்தான்.

ஆனால் எனக்காகச் செய்யவில்லை, ஐயா. வீட்டுக்கு அனுப்பியவர்களின் பெண்டாட்டி பிள்ளைகள் எல்லாம் விதி என்று மனதைத் தேற்றிக்கொண்டு இருக்கிறார்கள். அந்த ஸ்லைடுகளை மறுபடி எண்ணவைத்து அவர்கள் நிம்மதியைக் கெடுக்கப்போவது நீங்கள்தான்.