கம்ப்ரஸர் சத்தத்துக்கு அடியில் கேட்டது

போலீஸ் சார், நேற்று சனிக்கிழமை காலை எங்கள் வீட்டு வாசலில் என் பெயர், வயது பதினைந்து, பத்தாம் வகுப்பு என்று உங்கள் நோட்டில் குறித்துக்கொண்டீர்கள். நான் அதே பெண்தான். விலாசம், பெயிண்ட் ஷெட்டை ஒட்டிய வீடு. எங்கள் வீடும் ஷெட்டும் அதன் பின்னறையும் வீட்டுக்காரருக்குச் சொந்தம். அவர் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர், ஷெட்டுக்கு அந்தப் பக்கத்து வீட்டில் குடியிருக்கிறார். என் மேசைக்கும் அந்தப் பின்னறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். நேற்று நீங்கள் கேட்டபோது நான் சொன்னது பொய். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. ஷெட்டில் பெயிண்ட் பீய்ச்சும் கம்ப்ரஸர் ஓடினால் எனக்கு ஒரு வரி மனதில் நிற்காது. அதனால் எலக்ட்ரானிக்ஸ் கடையில் வேலை செய்யும் என் அண்ணன் திங்கட்கிழமை இரண்டு சாமான்கள் கொண்டுவந்தான். ஒன்று ஆலையில் வேலை செய்பவர்கள் காதை மூடிக்கொள்ளும் இயர்மஃப். இன்னொன்று வெளிச்சத்தத்தைக் குறைக்கும் பேட்டரி ஹெட்போன். பெட்டி கிழியாமல் எடுத்து ஐந்து நாள் போட்டுப் பார்த்து, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பித் தர வேண்டும் என்றான்.

திங்கள் மாலை இயர்மஃபைப் போட்டேன். எல்லாச் சத்தமும் பாதியானது. காது வலித்தது. அம்மா கூப்பிட்டது கேட்கவில்லை. "சாப்பிடக் கூப்பிட்டா கேக்கலைன்னு சொல்ல மகாராணிக்கு ஒரு சாக்கு கிடைச்சாச்சு" என்று அம்மா சிரித்தார்.

செவ்வாய் மாலை ஐந்து மணிக்குக் கம்ப்ரஸர் ஓடத் தொடங்கியதும் ஹெட்போனைப் போட்டு பொத்தானை அழுத்தினேன். கம்ப்ரஸரை யாரோ தெருக்கோடிக்குத் தூக்கிக்கொண்டு போனது போல் இருந்தது. அதன் பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் கேட்டது. ஹெட்போனைக் கழற்றினால் கம்ப்ரஸர் மட்டும். போட்டால் குரல். நான்கு முறை கழற்றிப் போட்டுப் பார்த்தேன். அது வீட்டுக்காரர் மனைவியின் குரல். எனக்கு அந்த அக்காவின் குரல் நன்றாகத் தெரியும். நான் சத்தமாக மனப்பாடம் செய்து தடுமாறினால், துணி காயப்போட்டபடியே "மறுபடியும் முதல்லேர்ந்தா?" என்று கேட்பார். அன்று அவர், "கதவத் தொறங்க, நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அம்மாவைக் கூப்பிட்டு ஹெட்போனை அவர் காதில் மாட்டிவிட்டேன். அம்மா கொஞ்ச நேரம் கேட்டார். அதன் பிறகு கழற்றி, முந்தானையால் அதைத் துடைத்து மேசையில் வைத்து, "டிவி ஓடுது" என்றார். வீட்டுக்காரர் வீட்டில் டிவி முன்னறையில் இருக்கிறது. அப்பா வந்ததும் சொன்னேன். "வீட்டுக்காரர் சமாச்சாரம் நமக்கெதுக்கு? பரீட்சை நேரத்துல மூட்டை முடிச்சோட நடுத்தெருவுல நிக்கணுமா?" என்றார். அண்ணனிடம் சொல்லக் கூடாது, அவன் சண்டைக்குப் போய்விடுவான் என்றும் சொன்னார். நான் சொல்லவில்லை.

புதன்கிழமை பள்ளியிலிருந்து வரும்போது ஷெட்டைப் பார்த்தேன். வண்டி ஒன்றும் இல்லை, பெயிண்ட் வாசனையும் இல்லை. கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. ஹெட்போனைப் போட்டேன். அக்கா தண்ணீர் கேட்டார்.

வியாழன் மாலை வீட்டுக்காரர் எங்கள் வாசலில் நின்று, "என்ன பாப்பா, காதுல புதுசா ஏதோ?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அண்ணன் கடையில் சொல்வது போலவே சொன்னான்: "அண்ணே, ஒரே சீரா ஓடுற மோட்டார் சத்தத்த இது அமுக்கிடும். மனுஷன் பேச்சு மட்டும் தனியா கேக்கும். நீங்களே போட்டுப் பாருங்க." வீட்டுக்காரர் உள்ளே வந்து, என் நாற்காலியில் உட்கார்ந்து, ஹெட்போனைப் போட்டுக்கொண்டார். அப்போதும் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சுவரைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்றார். அதன் பிறகு அவர் கழற்றி, "நல்ல சாமான். பாப்பா எத்தன நாளா போடுது?" என்று கேட்டார். "செவ்வாய்க்கெழமலேர்ந்து" என்றான் அண்ணன். "படி பாப்பா, நல்லாப் படி" என்று என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். கால் மணி நேரத்தில் கம்ப்ரஸர் நின்றது. அதன் பிறகு ஹெட்போன் போட்டும் போடாமலும் கேட்டுப் பார்த்தேன். எதுவும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமையும் கேட்கவில்லை.

சனிக்கிழமை அக்காவின் தம்பி உங்களை அழைத்து வந்தார். திங்கள் இரவே அக்கா கோபித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டதாக வீட்டுக்காரர் உங்களிடம் சொன்னார். அப்பா ஆமாம் என்றார். நீங்கள் என்னைக் கேட்டபோது வீட்டுக்காரர் உங்கள் தோளுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மோட்டார் சத்தம் மட்டும்தான் சார் கேட்டுச்சு" என்றேன். செவ்வாய், புதன் இரண்டு நாளும் அக்கா அந்தப் பின்னறையில்தான் இருந்தார். நீங்கள் வீட்டுக்காரர் வீட்டு முன்னறையை மட்டும் பார்த்துவிட்டுப் போனீர்கள்.

நீங்கள் போனதும் அப்பா ஹெட்போனைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டு, இயர்மஃபை என் மேசையில் வைத்தார். "இதான் உனக்கு நல்லது" என்றார்.

இன்று இரவு எல்லோரும் தூங்கிய பிறகு சுவரில் காதை வைத்துக் கேட்டேன். அதன் பிறகு பென்சிலால் இரண்டு முறை மெதுவாகத் தட்டினேன். அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு முறை தட்டும் சத்தம் வந்தது. தட்டியது அக்காவா, வீட்டுக்காரரா என்று எனக்குத் தெரியாது. நான் திரும்பத் தட்டவில்லை.

காலையில் பள்ளிக்குப் போகும் வழியில் இதைக் கொடுத்துவிடுவேன். தயவுசெய்து இதைப் படித்ததும் உடனே அந்தப் பின்னறையைத் திறந்து பாருங்கள்.

இதில் உள்ளவை என் காதால் கேட்டவை, என் கண்ணால் பார்த்தவை. இப்படி எழுதச் சொல்லி யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நானே எழுதி, நானே ஒரு முறை படித்துப் பார்த்து, உண்மை என்று கையெழுத்துப் போடுகிறேன்.

(கையெழுத்து)
ஞாயிறு இரவு, மணி இரண்டே கால்