சீட்டாட்டம் தேவலை

தேவாரம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளையும் அவன் தாய்மாமனும். மடியில் பூவும் பழமும். போடி தாண்டும்வரை தன் தோட்டத்துத் திராட்சையை விலை கேட்க நாதியில்லை என்று புலம்பி வந்த மாமன், திடீரென்று குரலைத் தாழ்த்தினார்.

"ஏலே, பொழுதுபோக்கு என்னன்னு கேட்டாகன்னா சீட்டு வெளையாடுவேன்னு சொல்லு. பொம்மைப்படம் பாப்பேன்னு மட்டும் சொல்லிராத."

"மாமா, அமெரிக்காக்காரன் எடுக்குறதுதான் சின்னப்பிள்ளைகளுக்கு. மிருகம் பேசும், பாட்டுப் பாடும், முடிஞ்சுபோகும். ஜப்பான்காரன் பெரியாளுகளுக்கும் எடுக்குறான். பேய்க்கதை, துப்பறியுற கதை, சமையக்காரன் கதை, புருசன் பொண்டாட்டி சண்டைன்னு எல்லாம் இருக்கு."

"அதுக்கு எதுக்குலே பொம்மை? நடிக்க ஆளா கெடைக்கல?"

அவன் அசரவில்லை. "வெவசாயிக்குக்கூட தனியா இருக்கு மாமா."

மாமன் முதல்தடவையாக அவனை மரியாதையோடு பார்த்தார்.

"அதுல வெளைஞ்சதுக்கு வெல கெடைக்குதா?"

"கெடைக்கும் மாமா. கடைசியில நல்ல வெலைக்குப் போயிரும்."

மாமன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அப்ப அது பொம்மைப்படந்தான். நீ சீட்டாட்டம்னே சொல்லு."