தம்பிக்குப் பார்த்து வைத்த சிப்

காப்பி ஆட்டங்கள் ஓடுவதற்காக வீடியோ கேம் பெட்டிக்குச் சிப் வைக்க வேண்டும் என்று கடைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் ஒன்றைத்தான் கேட்பேன். ஆன்லைனில் ஆடுவீர்களா, வீட்டோடு தனியாக ஆடுவீர்களா? சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு மருந்து எழுதுகிற டாக்டர் மாதிரி, அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் எந்தச் சிப் என்று சொல்வேன். தனியாக ஆடுகிறவருக்கு எது வைத்தாலும் ஓடும். காப்பி போட்ட ஆட்டங்களை இஷ்டத்துக்கு ஆடிக்கொள்ளலாம். ஆன்லைனில் போகிறவருக்கு மட்டும் சுவிட்சு வைத்த சிப்தான் வைக்க வேண்டும். போவதற்கு முன்னால் அதை அமர்த்தி, சிப்பை அணைத்துவிட வேண்டும். அமர்த்தாமல் போனால் பெட்டி செய்த கம்பெனிக்குத் தெரிந்துவிடும். பெட்டியையும் ஆளையும் சேர்த்து ஒரேயடியாக முடக்கிவிடுவான். அழுதாலும் புரண்டாலும் திரும்பக் கிடைக்காது.

இது உங்களுக்குத் தெரியாததா, அல் அமீன் பாய்? கோயம்புத்தூரில் கேம் கம்பெனியில் இருக்கிறவர் நீங்கள். என் தம்பி சோலைமலையின் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தானே இப்படிக் கடையில் என் முன்னால் வந்து நிற்கிறீர்கள். உட்காருங்கள், டீ சொல்லியிருக்கிறேன். ஏன் என்று கேட்டீர்கள். சொல்வதில் எனக்கு ஒன்றும் சங்கடம் இல்லை.

சோலைமலை நத்தம் பக்கம் புளி உலுக்க மரம் ஏறியவன். கிளை முறிந்து கீழே வந்தான். கழுத்தில் அடி. கால் இரண்டும் போனது போனதுதான் என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள். கையும் அன்றைக்கு விழுந்துதான் கிடந்தது. அப்பா அம்மா இல்லை. நான்தான் குளிப்பாட்டினேன், ஊட்டினேன், மலம் அள்ளினேன், புண் வரக்கூடாது என்று நேரம் தவறாமல் புரட்டிப் படுக்க வைத்தேன். இன்றுவரை அவன் முதுகில் ஒரு புண் கிடையாது. வேண்டுமானால் போய்ப் பாருங்கள்.

எனக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் உள்ளே கட்டிலைப் பார்த்ததும் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். அதற்காக நான் வருத்தப்பட்டதாக ஊரில் எல்லோரும் நினைத்தார்கள். எதிர்வீட்டுச் சுந்தரம்மாள் யாரைப் பார்த்தாலும் சொல்லும், "பெரியகருப்பன் மாதிரி ஒரு அண்ணன் இந்தச் சீமையிலயே கெடையாது." ரேஷன் கடை வரிசையில் எனக்கு வழிவிடுவார்கள். தம்பி விழுவதற்கு முன்னால் நான் நாகல் நகர் மூலையில் ரிப்பேர் கடை வைத்திருந்த ஒரு ஆள், அவ்வளவுதான். என் பேர்கூடப் பாதிப் பேருக்குத் தெரியாது.

கேம் பெட்டியை அவனுக்குக் கொடுத்ததே நான்தான். யாரோ சரிபார்க்கக் கொடுத்துவிட்டு வாங்க வராமல் விட்டது. சும்மா படம் பார்த்த மாதிரி இருக்கட்டும் என்று முன்னால் வைத்தேன். அவன் ஆடக் கற்றுக்கொண்டான். முதலில் கட்டைவிரல் அசைந்தது. பிறகு ஒவ்வொன்றாக மற்ற விரல்கள். ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி கொடுக்கிற அம்மா பார்த்துவிட்டு, "இத விடாம ஆடச் சொல்லுங்க. இம்புட்டு நல்ல பயிற்சி என்னால குடுக்க முடியாது" என்றார்கள்.

ஒரு மத்தியானம் அவனே ஸ்பூனைப் பிடித்துச் சாப்பிட்டான். சோறும் வெஞ்சனமும் மடியெல்லாம் சிந்தியது. "அண்ணே, பாத்தியா!" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அப்புறம் தட்டைக் கழுவக் குழாயடிக்குப் போனவன், செத்த நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். தண்ணீர் வழிந்து கால் நனைந்தது. சந்தோஷத்தில் நிற்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

பிறகு நீங்கள் வந்தீர்கள். ஆன்லைனில் கால்பந்து ஆடி இரண்டு பேரும் சிநேகிதமானீர்கள். புது ஆட்டங்களை ஆடிப்பார்த்துக் குறை சொல்கிற வேலை, உட்கார்ந்த இடத்திலேயே செய்யலாம், தரைத்தளத்தில் ரூம், சக்கர நாற்காலி போகிற மாதிரி வாசல், கூடமாட உதவிக்கு ஆள் என்று எல்லாவற்றையும் ஏற்பாடு செய்தீர்கள். கொஞ்ச நாள் அவன் ஆன்லைனில் ஆடுவதைக் கம்பெனியார் பார்ப்பார்கள், பிடித்திருந்தால் எடுத்துக்கொள்வார்கள் என்றீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. நல்ல மனசு உங்களுக்கு.

தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. சுந்தரம்மாள் கேசரி கிண்டிக்கொண்டு வந்து அவன் கையில் கொடுத்தது. என்னைப் பார்த்து, "இனி ஒனக்கும் விடுதலதான் அப்பு" என்றது. எனக்குப் பயம் பாய், வேறொன்றும் இல்லை. அவன் போய்விட்டால் காலையில் எழுந்து நான் யாரைப் புரட்டிப் படுக்க வைப்பேன்? அங்கே கூலிக்கு வருகிற ஆள் அவனை என்னைப்போலப் பார்ப்பானா? விழுந்துகிழுந்து வைத்தால்? இதையெல்லாம் யோசிக்க வேண்டியது அண்ணன்தானே.

சிப் பேச்சை நான்தான் எடுத்தேன்.

"ஏலே, கம்பெனியில எந்த ஆட்டத்தக் குடுத்து ஆடச் சொல்லுவானோ. சிப்பு வச்சுட்டா எல்லாத்தையும் ஆடிப் பழகிட்டுப் போகலாம்ல?"

"வேணாம்ணே. ஆன்லைன்ல மாட்டுனா அம்புட்டும் போச்சு."

"சுவிட்சு வச்சது இருக்குடா. போறதுக்கு முன்னால அமத்திட்டா ஒரு பயலுக்கும் தெரியாது."

"நெசமாவா?"

"ஒனக்கு நான் கெடுதலா செய்யப் போறேன்?"

சுவிட்சு உள்ளதையும் இல்லாததையும் கட்டிலில் அவன் முன்னால் வைத்தேன். போனில் தேடித் தேடிப் படித்தான், படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தான், நூறு சந்தேகம் கேட்டான். கடைசியில் சுவிட்சு உள்ளதை விரலால் என் பக்கம் தள்ளினான். சரியான சிப்தான். என்னைக் கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

கடைக்கு எடுத்து வந்து மற்றதை வைத்தேன்.

சுவிட்சு இல்லாவிட்டால் அவன் கேட்பானே. அதனால் பழைய பெட்டி ஒன்றிலிருந்து சின்ன சுவிட்சு ஒன்றைக் கழற்றி, அவன் கட்டைவிரலுக்கு எட்டுகிற மாதிரி பக்கவாட்டில் துளை போட்டுப் பொருத்தினேன். அமுக்கினால் டிக் என்று கேட்கும். உள்ளே ஒரு ஒயர்கூட அதற்குப் போகவில்லை. நீங்கள் பார்த்தது அதைத்தான். துளையின் ஓரம் அவன் விரலைக் கிழித்துவிடக்கூடாது என்று உப்புத்தாள் வைத்துத் தேய்த்தேன். அதையும் பார்த்திருப்பீர்கள். அவன் தேர்ந்தெடுத்த நல்ல சிப்பை வீணாக்கவில்லை. காந்திகிராமத்திலிருந்து வந்த ஒரு காலேஜ் பையனின் பெட்டிக்கு வைத்தேன், நன்றாக ஓடுகிறது.

ஒவ்வொரு தடவையும் ஆன்லைனில் போவதற்கு முன்னால் சோலைமலை என்னைக் கூப்பிடுவான். "அண்ணே, அமத்திட்டேன் பாரு." டிக். நான் தலையாட்டுவேன். கடைசியில் திரையில் பெட்டியை முடக்கிவிட்டோம் என்று அறிவிப்பு வந்தது. உங்கள் கம்பெனியும் சிப் வைத்து மாட்டியவனை எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டது. நீங்கள் அவனுக்காக எவ்வளவோ கெஞ்சினீர்கள் என்று கேள்விப்பட்டேன்.

அவன் அழவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான், "நான் அமத்துனேன்லண்ணே?"

"ஒருவாட்டி மறந்திருப்ப. இல்ல, சரியா அமுங்கியிருக்காது. விரலு இன்னும் முழுசா வரலேல்லடா."

சிப்பை மாற்றும்போதுகூட ஒரு தடவை யோசித்தேன். இதைச் சொல்லும்போது யோசிக்கவில்லை.

அன்றிலிருந்து அவனுக்குத் தன் விரல்மேல் நம்பிக்கை போய்விட்டது. தண்ணீர் டம்ளரைக் கொடுத்தால், "நீயே குடுண்ணே, நான் கொட்டிருவேன்" என்றான். ஸ்பூனைத் தொடவில்லை. தனியாக ஆடலாமே என்று புதுப்புது ஆட்டங்களாகக் கொண்டுவந்து போட்டேன், ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக விரல்கள் உள்ளே மடங்கிக்கொண்டன. ஆஸ்பத்திரி அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இப்படியே விட்டால் கை திரும்ப வராது, வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டார்கள். மனசு விட்டுட்டான்மா என்றேன். அது பொய் இல்லை. சுந்தரம்மாள் மறுபடியும் என்னைப் பற்றி வரிசையில் பேச ஆரம்பித்தது.

இன்றைக்கு நீங்கள் வேறு ஏதோ கம்பெனியில் இடம் இருக்கிறது, அழைத்துப் போகிறேன் என்று வீட்டுக்கு வந்தீர்கள். வந்தவர் பெட்டியையும் சரி செய்து கையோடு எடுத்துப் போகலாமென்று திறந்தீர்கள். திறந்ததும் ஓடிப்போய் அவனிடம் சொன்னீர்கள். நான் வாசற்படியில்தான் நின்றேன்.

அவன் உங்களை நம்பவில்லை. "எங்கண்ணனச் சொல்லாதீங்க அமீன். நாந்தான் மறந்தேன். எங்க கூட்டிட்டுப் போனாலும் நான் கெடுத்துருவேன், என்னைய விட்டுருங்க" என்றான். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். நீங்கள் சொன்னது நிஜம்தான் என்று நான் ஒரு தடவை தலையாட்டியிருந்தால் போதும். ஆமாண்டா என்று ஒரு வார்த்தை. நீங்களும் அதற்காகத்தான் என்னைப் பார்த்தீர்கள் என்று தெரியும்.

சோறு ஆறுது, சாப்புடுறியா என்று கேட்டேன்.

ஆமாம் பாய், தெரிந்தேதான் செய்தேன். சிப்பை மாற்றியதும் நான்தான், பழியை அவன் விரல்மேல் போட்டதும் நான்தான். ஆடாவிட்டால் கை விழுந்துவிடும் என்பதும் எனக்குத் தெரியும். வேண்டுமானால் திரும்பவும் வீட்டுக்குப் போய், உங்கண்ணன் ஒத்துக்கொண்டான் என்று சொல்லிப் பாருங்கள். நான் தடுக்க மாட்டேன். அவன் என்னைக் கூப்பிட்டுக் கேட்பான், நான் இல்லை என்பேன், அத்தோடு சரி.

நீங்கள் வெளியே வந்த பிறகு அவன் அழுதான். வெகுநாள் கழித்து இன்றைக்குத்தான் அழுதான். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட அவனால் கையைத் தூக்க முடியவில்லை பாய். நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து துடைத்துவிட்டேன். இப்போது நீங்களே சொல்லுங்கள், நான் ஒருத்தன் இல்லாவிட்டால் அவன் கதி என்ன?