வலிக்கு ஒரு படம்

மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள், சார். அந்தக் கடகடப்பு எனக்கு ஆகாது. ஓரிடத்தில் உட்காரவும் முடியாது என்னால். நடந்தபடியே சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

குடவாசலில் நான் பொறுப்பாளராக இருந்த இல்லத்தில் எல்லாருமே அடுத்தவர் கை இல்லாமல் நகர முடியாதவர்கள். நான் கீழ்வேளூர்ப் பக்கம், கடைமடைக்காரன். ஆற்றில் தண்ணீர் விட்டால் மேலே இருப்பவர்களின் வயல் வரப்பு வழிந்த பிறகுதான் எங்களுக்கு வரும், வந்தால். அதனால் இல்லத்தில் முறை வைத்தேன். வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவது போல, முதல் அறையிலிருந்து கடைசி அறை வரை ஒருவர் பின் ஒருவராகக் கவனிப்பு. நடுவில் ஒருவர் மடையை வெட்டினால் கடைசி ஆள் காய்வான். இதில் என்ன தப்பு?

துரைராசு ஐயா வலங்கைமான் பக்கத்து மிராசுதார். பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டது. தலையசைப்பிலும் ஆம், இல்லை பிரியாது. வலது கை விரல் மட்டும் சொன்னபடி கேட்கும். மகள் செம்மொழி சிங்கப்பூரிலிருந்து ஒரு டேப்லெட் அனுப்பினார். படத்தைத் தொட்டால் அது பேசும். நீலப் படம் தண்ணீர், சிவப்புப் படம் வலி, இப்படி. அதிலிருந்த பெண் குரல் யாருக்கும் ஒட்டவில்லை.

"அப்பாவுக்கு ஆம்பளக் குரலா இருந்தா நல்லாருக்கும். நீங்களே பேசிப் பதிஞ்சுடுங்களேண்ணே," என்றார் செம்மொழி. பதிந்தேன். அன்றிலிருந்து ஐயா என் குரலில்தான் பேசினார்.

சிவப்புப் படத்தை விடவே மாட்டார். "வலிக்குது, கொஞ்சம் வாங்க." சாப்பிட உட்கார்ந்தால் என் குரலே என்னைக் கூப்பிடும். கடைசி அறையில் ஆரோக்கியம் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டும்போது கூப்பிடும். ஓடிப் போய்ப் பார்த்தால் தலையணை சரிந்திருக்கும். மேல்மடைக்காரர்கள் படுக்கையில் விழுந்தாலும் மேல்மடைக்காரர்கள்தான். எனக்குக் கோபமெல்லாம் இல்லை. இருப்புக் கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

ஒருநாள் சிவப்புப் படத்தில் வேறு பேச்சைப் பதிந்தேன். "நல்லா இருக்கேன். நீங்க சாப்டீங்களா?" மரியாதையான பேச்சுதானே, சார்.

முதல் தடவை அதைக் கேட்டபோது படத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு இல்லம் அமைதியானது. "தாத்தா இப்பல்லாம் தங்கமா இருக்காருண்ணே," என்றாள் நர்ஸ் ஃபிளோரா. வீடியோவில் செம்மொழி சந்தோஷத்தில் அழுதார். "சாப்டேன்ப்பா, சாப்டேன்ப்பா," என்று அவர் சொல்லச் சொல்ல, ஐயா அதே படத்தைக் குத்திக்கொண்டே இருந்தார்.

அந்த வாரம் அவருக்கு வயிறு உப்பியது. "என்ன தாத்தா, முகம் ஒரு மாதிரி இருக்கு? வலிக்குதா?" என்று வாசலில் நின்று கேட்டாள் ஃபிளோரா. ஐயா படத்தைத் தொட, அதே பதில்தான் வந்தது. "நான் சாப்டேன் தாத்தா," என்று சிரித்துவிட்டுப் போனாள்.

நான் போர்வையை விலக்கித் தொட்டுப் பார்த்தேன். வயிறு கல்லாக இருந்தது, உடம்பெல்லாம் வேர்வை. ஆனால் அவர் முறை காலையிலேயே முடிந்துவிட்டது. அவருக்குப் பின்னால் இன்னும் அறைகள் பாக்கி. மறுபடியும் சிவப்புப் படத்தைத் தொட்டார். நான் சாப்பிட்டேனா என்று என் குரலே என்னைக் கேட்டது. "இருங்கய்யா, உங்க முறை வரும்," என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

திரும்பி வந்தபோது உயிர் இல்லை. குடல் வெடித்துவிட்டதாம், உடனே கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாராம். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பழைய பேச்சைத் திரும்பவும் பதிந்தேன். "வலிக்குது, கொஞ்சம் வாங்க." செம்மொழி வீடியோவைச் சேமித்து வைத்திருப்பார், அதில் ஐயா தொடுவது சிவப்புப் படம் எனத் தெரியும் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

ஆமாம் சார், மாற்றியது நான். சாகிறார் என்று தெரிந்தே கதவைச் சாத்தியதும் நான். ஆனால் அன்றைக்குக் கடைசி அறை வரை எல்லாருக்கும் சூடாகக் கஞ்சி போய்ச் சேர்ந்தது. அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.