மாமியார் வந்தால் எழும் மேடு

— திட்டுங்க அத்தை.

— என்னது?

— எப்பவும் போல திட்டுங்க. மெஷின் ஓடிட்டு இருக்கு.

— நல்லா இருக்கே! மகன் வேலைக்குப் போயிடறான், நான்தான் உனக்கு மத்தியானச் சாப்பாடு தூக்கிட்டு இந்த ஆய்வுக்கூடத்துக்கு நடக்கறேன். வந்தமா, நாலு வார்த்தை சொன்னமான்னு இருந்தேன். நீயே கேட்டா எப்படிம்மா வாய் வரும்?

— கோவிச்சுக்காதீங்க. இந்தத் திரையைப் பாருங்க. கோடு தட்டையா ஓடுதா? நீங்க வர்றப்ப மட்டும் இங்க ஒரு மேடு எழும்புது. நீங்க போனதும் படுத்துடுது.

— எதோட மேடு?

— தண்ணியோடது. ஆறே ஆறு தண்ணி மூலக்கூறு கையைக் கோத்துக்கிட்டு நிக்கும். வட்டமா நிக்குதா, கூண்டு மாதிரி நிக்குதான்னு கண்ணால பார்க்க முடியாது. அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சினா, அதுல எந்தப் பகுதியை விழுங்குதோ அதை வெச்சுக் கண்டுபிடிக்கலாம். இந்த மேடு, இதுவரைக்கும் யாருமே பார்க்காத வடிவம். என் கட்டுரையைப் படிச்சுட்டு பெரிய பேராசிரியர் நேர்ல பார்க்க வந்துட்டே இருக்கார். மேடு வரலைன்னா என் வேலை போச்சு.

— ஆக, என்னைப் பார்த்துத் தண்ணி எழுந்து நிக்குது.

— அப்படித்தான் தோணுது.

— பாரேன்! வீட்ல ஒருத்தரும் எழுந்திருக்கறதில்ல. சரி, திட்டறேன். தலையை வாரினா என்ன? இது முடியா, பறவைக் கூடா?

— வரலை. இன்னும்.

— உன் சமையல் இருக்கே, உன் சமையல்... இப்பல்லாம் பரவாயில்லம்மா.

— அத்தை! இந்த நேரத்துலயா பாராட்டுவீங்க?

— பதட்டத்துல வாய் தவறிடுச்சு.

— ஒருவேளை குரல் காரணமில்லையோ என்னவோ. பேசாம அந்த நாற்காலியில உட்காருங்க, போதும்.

— எவ்வளவு நேரம்?

— பேசாம, அத்தை.

— நாற்காலி ஆடுதே.

— அத்தை...

— காலு வேற மரத்துப் போகுது. உன் ஆறு பேரும் எழுந்திருக்கற வரைக்கும் நான் எழுந்திருக்கக் கூடாதா?

— ஹூம்ம்ம்...

— ஐயோ, வந்துடுச்சு! பாரு பாரு, யானை முதுகு மாதிரி!

— இருங்க... ஹூம்ம்ம்.

— மறுபடியும்! நான்தான் சொன்னேனே, தண்ணிக்கு மரியாதை தெரியுது.

— அது மரியாதை இல்ல அத்தை. ஒளி போற குழாய்ல ஒரு மூடி கழண்டிருக்கு. சரியா என் மூக்குக்கு நேரா. உள்ள காத்து காய்ஞ்சு இருக்கணும், என் மூச்சோட ஈரம் போய்க் கலந்திருக்கு. ஆறும் இல்ல, கூண்டும் இல்ல.

— நீ நாள் பூரா மூச்சு விட்டுட்டுதானே இருக்கே? நான் வர்றப்ப மட்டும் எப்படி எழும்பும்?

— சாதா மூச்சு அவ்வளவு தூரம் போகாது, அத்தை.

— பின்னே எது போகும்?

— அது வந்து...

— ஏன்மா, என்னைப் பார்த்தா நீ விடற பெருமூச்சையா படம் போட்டு, கட்டுரையா அச்சடிச்சு, உலகம் பூரா அனுப்பி வெச்சிருக்கே?