படத்தில் இருக்கும் பெண்

காலை பத்து இருபதுக்குத்தான் எங்கள் ஸ்டூடியோவின் பின்னறைக்கு வெயில் வரும். பன்னிரண்டரைக்கு எதிர்க் கட்டடத்தின் நிழல் விழுந்துவிடும். என் வேலைக்கு அந்த வெளிச்சம் போதும்.

நெகட்டிவைச் சாய்வான கண்ணாடிப் பலகையில் பொருத்துவேன். கூராகச் சீவிய பென்சிலால் முகத்தின் மேல் புள்ளி புள்ளியாக வைப்பேன். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். நான் கறுப்பு வைத்த இடம் படத்தில் வெளுப்பாக வரும். இதற்கு டச்சிங் என்று பெயர். குன்னூரில் என்னைவிட நன்றாக டச்சிங் செய்பவர் இல்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்த வழக்குக்கு அது வேண்டும்.

இன்ஸ்பெக்டர் ஐயா, அந்தப் பாட்டிலைத் தான் திருடியதாக அம்சவேணி உங்களிடம் சொல்லியிருக்கிறாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு சொன்ன பொய் அது. அவள் நல்ல பெண். நீங்கள் அதையே எழுதி முடித்திருந்தால் நான் இன்றைக்கும் பின்னறையில் உட்கார்ந்திருப்பேன். ஆனால் அவளுடைய அப்பாவுக்கு விஷயம் தெரியாமல் போய்விடும். அதனால் நானே வந்தேன்.

என் பெயர் பேச்சி. அப்பா தோட்டத் தொழிலாளி. அம்மா புத்தளம் பக்கத்துக் காப்பிரி. பழைய காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவந்து இலங்கையில் இறக்கிய ஆட்களின் வம்சம். என் நிறமும் முடியும் அம்மாவுடையவை. பேச்சும் சாமியும் அப்பாவுடையவை. அந்த நாட்டில் எங்களைக் கள்ளத்தோணி என்றார்கள். தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் எங்கள் ஆட்களே என்னைக் காப்பிரிச்சி மகள் என்றார்கள். இங்கே வந்து இறங்கியதும் சிலோன்காரி. ஒரு ஆளுக்கு இத்தனை பெயர் எதற்கு என்று நான் யோசித்ததுண்டு. பேச்சி என்று கூப்பிட்டாலே திரும்பிப் பார்ப்பேன்.

எழுபத்து மூன்றாம் வருடம், தாயகம் திரும்புகிறவர்களோடு நானும் என் வீட்டுக்காரர் அழகையாவும் வந்தோம். குடும்ப அட்டைக்கான படத்தை ஹட்டனில் எடுத்தோம். அங்கிருந்த படக்காரர் என்னைக் கேட்காமலே என் முகத்தை வெளுப்பாக்கிவிட்டார். உதவி என்று நினைத்திருப்பார். மண்டபம் முகாமில் யாரும் அந்தப் படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. குன்னூருக்கு மேலே எங்களை அனுப்பிய தோட்டத்தில், ஆபீஸ் கிளார்க் பாலசுப்பிரமணியம் பார்த்தார்.

அவர் கோயமுத்தூர்க்காரர். அம்சவேணியின் அப்பா. படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

“ஏனப்பா அழகையா, நெச சம்சாரத்தைக் கப்பல்லயே உட்டுட்டு இந்தக் காப்பிரியைக் கூட்டிட்டு வந்துட்டயா?”

“இவதாங்க ஐயா. படத்துல கொஞ்சம் வெளுத்துப் போச்சு.”

“கொஞ்சமா? சோப்புக் கம்பெனிக்காரன் தேடிட்டு வந்துருவான் போ.”

மற்ற கிளார்க்குகள் சிரித்தார்கள். பாலசுப்பிரமணியம் கெட்டவர் இல்லை. அழகையாவுக்கு அன்றைக்கே வேலை போட்டார். லயத்தில் ஓர் அறையும் கொடுத்தார். என் பெயரை மட்டும் பதியவில்லை. புதுப் படம் கொண்டுவரச் சொன்னார். அப்போது எனக்கு ஐந்து மாதம்.

குன்னூர் பஜாரில் ஜஸ்டஸ் ஐயாவின் ஸ்டூடியோவுக்கு வந்தது அப்படித்தான். அவரும் பழக்கத்தில் என் முகத்தை வெளுப்பாக்கிவிட்டார். இருக்கிற மாதிரி கொடுங்கள் என்றேன். அவருக்குப் புரியவில்லை. “அம்மா, முப்பது வருசமாப் படம் எடுக்கறேன். இருக்கற மாதிரி குடுன்னு ஒருத்தரும் கேட்டதில்ல,” என்றார். இரண்டாம் முறை பஸ் ஏறி வந்து என் முகத்தை வாங்கிப் போனேன். பாலசுப்பிரமணியம் அதை வாங்கி ஒரு காகிதத்தோடு குத்தி வைத்தார். ஊட்டிக்கு அனுப்பியிருக்கிறேன், பதில் வரட்டும் என்றார். பதில் வரவில்லை. அனுப்பினாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஒவ்வொரு நாள் காலையிலும் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். நான் கூட்டத்துக்கு வெளியே நிற்பேன். வேலை செய்யத் தயாராக இருப்பது தெரியட்டும் என்று நிற்பேன். “காப்பிரி வந்துருச்சா? அப்பப் பொழுது விடியாது,” என்பார் பாலசுப்பிரமணியம். எல்லோரும் சிரிப்பார்கள். எங்களோடு கப்பலில் வந்தவர்களும் சிரிப்பார்கள்.

வலி கண்டது ஒரு செவ்வாய்க்கிழமை, பகலில். தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனேன். கதவு திறந்திருந்தது. நர்ஸம்மாவும் இருந்தார். ஆபீஸ் சீட்டு இல்லாமல் கட்டிலில் படுக்க வைக்க முடியாது என்றார். வருத்தமாகத்தான் சொன்னார். அழகையா ஆபீசுக்கு ஓடினார். திரும்பி வந்தபோது அவர் கையில் ஒன்றும் இல்லை.

“என்ன சொன்னாங்க?” என்று கேட்டேன்.

“படத்துல இருக்கற அம்மா வரட்டும், அடுத்த நிமிசமே சீட்டுத் தாரேன்னாரு புள்ள.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

பிறகு ஒரு நாள் தானே சொன்னார். எல்லோரும் சிரித்ததால் தானும் சிரித்ததாகச் சொன்னார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பெண் பிறந்தது. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. கடைசியில் நர்ஸம்மா வெளியே வந்து தன்னாலானதைச் செய்தார். அரை மணி நேரம் மூச்சு இருந்தது. என் நிறம். தேயிலைச் செடிகளுக்குக் கீழே, ஓடைப் பக்கம் புதைத்தோம். பதிவில் இல்லாத தாய்க்குப் பிறந்ததால் அவளும் எந்தப் பதிவிலும் இல்லை.

அழகையாவை விட்டுவிட்டுக் குன்னூருக்கு வந்தேன். ஜஸ்டஸ் ஐயா முதலில் தட்டுக் கழுவ வைத்துக்கொண்டார். பிறகு பென்சில் கொடுத்தார். ஏழு வருடம் ஊரின் முகங்களையெல்லாம் வெளுப்பாக்கினேன். படகர், மலையாளிகள், எங்கள் ஆட்கள், எல்லோரும் அதையேதான் கேட்டார்கள். யார் மேலும் எனக்குக் கோபம் வரவில்லை. கோபத்தை நான் வேறு ஒருவருக்காக வைத்திருந்தேன்.

போன வருடம் ஆவணியில் அவர் வந்தார். அதற்குள் குன்னூரிலேயே வீடு கட்டிக் குடிவந்திருந்தார். பின்னால் அம்சவேணி நின்றாள். என்னை நேருக்கு நேர் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை. அதற்கு நான் தயாராக இல்லை.

“ஏனுங்க ஜஸ்டஸ், ஆப்பிரிக்காவுல இருந்தே ஆள் எறக்கிட்டீங்களாட்ட இருக்குது?”

“பேச்சிங்க. டச்சிங் பண்றவங்க. நல்ல கை.”

“இருட்டு ரூமுக்குத் தோதான ஆளுதான்.” சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “பொண்ணுக்குக் கொஞ்சம் வெளுப்பாப் பண்ணிக் குடுக்கச் சொல்லுங்க. மாப்பிள்ளை ஊட்டுக்கு அனுப்போணும்.”

அம்சவேணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கறுப்பு. அவரும் கறுப்புதான். ஆனால் அவர் அதை மாநிறம் என்பார்.

மோசமான டச்சிங்கை யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். முகம் மாவு பூசியதுபோல இருக்கும். பார்த்தவர்கள் பாதியைக் கழித்துக்கொண்டு நம்புவார்கள். நான் அப்படிச் செய்யவில்லை. மூன்று காலைகள் உட்கார்ந்தேன். நெற்றி, மூக்குத்தண்டு, கழுத்து, கைவிரல்கள் வரைக்கும் இறங்கினேன். காதோரம் நிழலை விட்டுவைத்தேன். யாராலும் சந்தேகப்பட முடியாத ஒரு சிவப்புப் பெண் வந்தாள். பொள்ளாச்சியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பஸ் பிடித்து மேலே வந்தார்கள்.

வந்த வேகத்தில் போனார்கள். அதை அம்சவேணியே என்னிடம் சொன்னாள். ஸ்டூடியோவுக்குப் பக்கத்து மாடியில் டைப்ரைட்டிங் படித்தாள். வகுப்பு முடிந்ததும் தின்ன வர்க்கி வாங்கிக்கொண்டு என்னிடம் வருவாள். என் பெயரைக் கேட்டு, அந்தப் பெயராலேயே என்னைக் கூப்பிட்டாள்.

“பேச்சியக்கா, கேளுங்க. நான் காப்பித் தட்டோட போய் நிக்கறேன். மாப்பிள்ளையோட அம்மா என்னைத் தாண்டிப் பின்னால எட்டிப் பாக்கறாங்க. ‘இது தங்கச்சிங்களா? படத்துல இருக்கற பொண்ணை வரச் சொல்லுங்க’ங்கறாங்க.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஏழு வருடத்துக்குப் பிறகு அந்த வாக்கியத்தைக் கேட்டேன். இந்த முறை அது அவர் வீட்டுக் கூடத்தில், அவர் காதில் விழுந்திருந்தது.

அவர் மறுபடியும் வந்தார். படம் போதவில்லை என்று நினைத்தார். இன்னும் கொஞ்சம் வெளுப்பு என்றார். கேட்டதைக் கொடுத்தேன். திருப்பூரிலிருந்து வந்தார்கள், போனார்கள். கோபியிலிருந்து வந்தார்கள். ஆறு படங்கள், ஆறு குடும்பங்கள். கடைசியாக வந்தவர்கள் காப்பியையும் குடிக்கவில்லை. “ஏமாத்துக்காரங்க” என்று தெருவில் நின்று சொல்லிவிட்டுப் போனார்களாம். ஜஸ்டஸ் ஐயா ஒருமுறை, “போதும் பேச்சி, அந்தப் புள்ளைக்கு அடையாளமே போயிரும்,” என்றார். வாடிக்கையாளர் கேட்கிறார் என்றேன். அது உண்மை.

ஒன்றை மறைக்கக் கூடாது. ஆறாவது குடும்பம் போன பிறகு அம்சவேணி பின்னறையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

“எங்கப்பா என்னை ஊட்டுல எப்படிக் கூப்புடுவாருன்னு தெரியுமாக்கா?”

“எப்படி?”

“காப்பிரி. சின்ன வயசுல இருந்தே. ‘காப்பிரி மாதிரி வந்து பொறந்து என் உசுரை வாங்கறே’ம்பாரு.”

அன்றைக்கு முழுவதும் நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன். என் மகள் இருந்திருந்தால் அவளையும் அப்படித்தான் கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். ஒரு நாள் யோசிப்பது குறைவில்லை. மறுநாள் வெயில் வந்ததும் வேலைக்கு உட்கார்ந்துவிட்டேன்.

படத்தாளில் கறுப்பு மிஞ்சியிருந்தால் அதை எடுக்க ஒரு மருந்து உண்டு. பஞ்சில் தொட்டு ஈரப் படத்தின் மேல் வைத்தால் கறுப்பு கரைந்துபோகும். நான் வேலை செய்யும்போது அம்சவேணி குனிந்து பார்த்தாள். ஒரு கன்னத்திலிருந்து கறுப்பு கரைந்து வழிவதை மூச்சுவிடாமல் பார்த்தாள். கொஞ்சம் தருவீர்களா என்று கேட்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. எதற்கு என்று எனக்குத் தெரியும். அது விரலில் பட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். கையுறை போட்டுத்தான் ஊற்றினேன். கழுவிக் காயவைத்த இருமல் மருந்துப் பாட்டிலில் ஊற்றினேன். வேலைக்கு எடுக்கும்போது அதில் நிறையத் தண்ணீர் சேர்ப்போம். அன்றைக்குச் சேர்க்கவில்லை.

ஆகவே, அவள் திருடவில்லை. நான் என் கையால் கொடுத்தேன். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

முகத்தில் பூசியதில் அவளுக்கு இடது கண் இனித் தெரியாது என்று கேள்விப்பட்டேன். தோல் உரிந்த இடம் ஆறினால் வெளுப்பாகத்தான் இருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். பாலசுப்பிரமணியம் கேட்டது அதுதான். இந்த வாக்குமூலத்தை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். என் பெயர் அவருக்கு நினைவு வராது. குடும்ப அட்டைப் படத்தைக் காட்டினால் வரும். அதை இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அம்சவேணி மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இந்த ஊரில் எனக்கு ஒரு சொந்தம் என்றால் அவள்தான். அதனால்தான் அவளிடம் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அந்தப் பாட்டில் விஷயத்தில் என் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. பாட்டிலை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு அவள் கேட்டது ஒன்றுதான். வாசல் திரையை விலக்கிக்கொண்டு, போகாமல் நின்று கேட்டாள்.

“இது தோல்லயும் வேலை செய்யுமாக்கா?”